மூன்று வணக்கத்துக்குப் பிறகு ஓர் உதை

பிப்ரவரி 3, செவ்வாய்

மன்னிக்க வேண்டும் ரெஜினா மிஸ், இவ்வளவு நேரம் கழித்து எழுதுகிறேன். மாவாட்டி, பாத்திரம் கழுவி, வதனியின் சீருடையைத் தேய்த்து முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 'அன்றன்றே எழுதவும்' என்று அச்சடித்திருக்கிறது. இந்த நாள் முடிய இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன்.

நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதிவிடுகிறேன். நேற்று இடைவேளையில் யு.கே.ஜி. 'பி' பிரிவில் படிக்கும் என் மகள் மதிவதனி, அதே பிரிவில் படிக்கும் சஞ்சய்ராமை உதைத்தாள். அவன் விழுந்ததில் முன்பல் ஒன்று போய்விட்டது. அந்தப் பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. நான் அதைச் சாக்காகச் சொல்லவில்லை. உதைப்பதற்கு முன்னால் மூன்று முறை கைகூப்பிக் குனிந்து வணங்கினாள் என்று நீங்களே சொன்னீர்கள். அதையும் நான் சாக்காகச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் வீட்டில் அவளைக் கவனித்து நான் தினமும் எழுத வேண்டும், இதைப் படித்துப் பார்த்துத்தான் அவளை ஒன்றாம் வகுப்புக்கு எடுப்பதா வேண்டாமா என்று முதல்வர் முடிவு செய்வார் என்றீர்கள். கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு வேன் வருகிற பள்ளி இது ஒன்றுதான் மிஸ். அதைவிட, 'உதைக்கிற பிள்ளை' என்ற பெயரோடு ஐந்து வயதில் ஒரு பள்ளியை விட்டு வெளியே போனால், அடுத்த பள்ளி வாசலில் அவளுக்கு முன்னால் அந்தப் பெயர் போய் நிற்கும். இன்று மதியம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. பருப்பு அடிப்பிடித்தது.

காரணம் எனக்குத் தெரியும். 'செந்நாரை' என்ற படக்கதை. உங்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது. எனக்கும் மேலோட்டமாகத்தான் தெரியும். சீனத்துத் துறைமுகம் ஒன்றில் நூடுல்ஸ் கடையில் கிண்ணம் கழுவும் லியாங் வெய் என்ற பையன், பனிமூட்ட மலையில் ஒரு பிக்குணியிடம் நாரையைப் போல ஒற்றைக் காலில் நின்று சண்டையிடும் கலையைக் கற்கிறான். (மலை நான்காவது இதழிலேயே வந்துவிடும், பிக்குணியின் பெயர் ஏழில்தான் தெரியும்.) எதிரியை மூன்று முறை வணங்கித் திருந்த அவகாசம் கொடுப்பான். திருந்தாவிட்டால் உதைப்பான். இந்த மாதம் அதைப் படமாகவும் எடுத்துத் தமிழில் வெளியிடுகிறார்களாம். அன்றாடம் செய்தித்தாள் பார்க்கிற எவருக்கும் தெரிகிற விஷயம்தான்.

நாளை முதல் வீட்டில் செந்நாரை கிடையாது.

உணவு: தயிர்சாதம். தூக்கம்: ஒன்பது மணி. திரை நேரம்: இல்லை.

பிப்ரவரி 4, புதன்

வீட்டில் இருந்ததையெல்லாம் கட்டிப் பரணில் போட்டாயிற்று. இதழ்கள் நூற்றுப் பன்னிரண்டு. (அறுபத்தொன்றாம் இதழ் மட்டும் இரண்டு பிரதி. ஒன்று படிக்க, ஒன்று உறை பிரிக்காமல் வைக்க.) சுவர்ப்படம் நான்கு, சாவிக்கொத்து, தலையணை உறை, சிவப்பு இறகு ஒட்டிய தலைப்பட்டை இரண்டு. ஒன்று சின்ன அளவு, ஒன்று பெரிய அளவு.

என் கணவர் செண்பகராஜ், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் வீட்டில் இதெல்லாம் சேரத்தானே செய்யும்.

வதனி ஏணிக்குக் கீழே நின்று, "அம்மா, ஒன் புக்கெல்லாம் எங்க போவுது?" என்று கேட்டாள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் உள்ள எல்லாமே அம்மாவுடையதுதான்.

கணவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபடியே, "கொக்குன்னா கொளத்துல நின்னு மீனப் புடிக்கணும். ஒங்க கொக்கு என்னத்துக்கு ஊர் ஊராப் போயி ஒதைக்கி?" என்றார். அது கொக்கு இல்லை, நாரை என்று மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 5, வியாழன்

உதை: இல்லை. வணக்கம்: ஒன்று, கீரைக்காரம்மாவுக்கு. அவர் பதில் வணக்கம் சொன்னார். பயப்படவில்லை.

பிப்ரவரி 7, சனி

நேற்று எழுதவில்லை, மன்னிக்கவும். வதனி தலையில் பேன். வகுப்பில் யாருக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் படித்தவள். பேன் நுண்ணுயிரி இல்லை என்றாலும் இரவெல்லாம் எனக்குத் தலை அரித்தது.

இன்று மூவரும் சஞ்சய்ராம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவன் அப்பா பாலமுருகேசன் சார் வங்கியில் இருக்கிறார், நம் பள்ளியின் பெற்றோர் சங்கச் செயலாளரும் அவர்தான். ஆப்பிளும் ஒரு டப்பா கடலைமிட்டாயும் வாங்கிப் போனேன். நம் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் கை தானாகக் கடலைமிட்டாய்க்குத்தான் போகிறது. பல் விழுந்த பிள்ளைக்கு அதைக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது அழைப்புமணியை அடித்த பிறகுதான் உறைத்தது.

வதனி சொல்லிக்கொடுத்தபடி 'ஸாரி' சொன்னாள். நானும், "ஸாரி சார். இனிமே இப்படிச் செய்ய மாட்டா. நான் வீட்ல பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"இருக்கட்டும்மா, பிள்ளைகதான. உள்ள வாங்க" என்றார். தங்கமான மனிதர்.

கூடத்துச் சுவரில், சாமி படங்களுக்குச் சற்று மேலே, வச்சிரன் படம் மாட்டியிருந்தது. வச்சிரன் என்பவன் வேறொரு படக்கதையில் வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து பறக்கிற ஆள். அவன் உடம்பில் தோட்டா பாயாது. (எதுவும் பாயாத உடம்பை வைத்துக்கொண்டு வீரம் காட்டுவதில் என்ன இருக்கிறது என்று பலரும் கேட்பதுண்டு. நான் கேட்கவில்லை.) நானும் சாரும் ஒன்றேகால் மணி நேரம் குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் பிள்ளைகள் இருவரும் மேசைக்கு அடியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். சஞ்சய்ராம் கடைவாயால் கடித்தான்.

திரும்பி வரும்போது வண்டியில் கணவர் சொன்னார்: "மன்னிப்புக் கேக்கப் போனியா, பட்டிமன்றம் நடத்தப் போனியா? ஒங்க ஆளு பறப்பானா மாட்டானா, ஒத்த வார்த்தையில சொல்லுங்கம்மான்னு அந்த மனுசன் கெஞ்சுதாரு. நீ என்னடான்னா எண்பத்தெட்டாம் இதழு, பதினாலாம் பக்கம்னு போற. அவரு பொண்டாட்டி ரெண்டாவது தடவ காப்பி சுட வச்சுக் கொண்டாந்தாங்க."

காற்றில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

வதனி பகலில் சரியாக இருக்கிறாள். படுக்கப் போகும்போதுதான் பிரச்சினை. "கதை" என்றாள். முயல் கதை சொன்னேன். "இதுல யாருமே வணக்கம் சொல்லல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூங்க மணி பதினொன்று ஆனது.

அவள் பிறந்த முதல் எட்டு மாதம் தூங்கவே இல்லை மிஸ். நானும் தூங்கவில்லை. இவர் கடையிலிருந்து வர நேரமாகிவிடும், அது தேர்தல் சமயம். வீட்டில் நானும் அவளும்தான். அவள் மூச்சு விடுகிறாளா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பேன். எதையாவது சத்தமாகப் படித்தால் அவள் அழுகையை நிறுத்துவாள், எனக்கும் படபடப்பு குறையும். கையில் கிடைத்ததைப் படித்தேன். கையில் கிடைத்தது அதுதான்.

இதைக் குறிப்பேட்டில் எழுதத் தேவையில்லை. எழுதிவிட்டேன், பக்கத்தைக் கிழித்தால் பின்பக்கம் உங்கள் கையெழுத்தும் போய்விடும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சிவப்பு மையில் நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 'இந்த உதையை வீட்டில் கற்றுக்கொடுத்தது யார்? நேரடியாக எழுதவும்.'

நேரடியாகவே எழுதுகிறேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது அப்படிச் சுலபமாகக் கற்றுக்கொடுக்கக்கூடியதும் இல்லை. வலது காலில் நின்று, இடது முழங்காலை நெஞ்சு வரை தூக்கி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பும்போதுதான் காலை நீட்ட வேண்டும். அவள் இடுப்பைத் திருப்புவதே இல்லை. எத்தனை தரம் சொன்னாலும் காலை மட்டும்தான் நீட்டுகிறாள்.

உணவு: இடியாப்பம். நகம் வெட்டியாயிற்று.

பிப்ரவரி 11, புதன்

நேற்று எழுதியதில் இடுப்பைப் பற்றிய இரண்டு வரிகளை அடித்துவிட நினைத்தேன். அதற்குள் நீங்கள் அடிக்கோடு போட்டுவிட்டீர்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

பத்து நாளாக இந்த நோட்டில் என்னென்னவோ எழுதுகிறேன். அவளிடம் ஏன் உதைத்தாய் என்று இதுவரை நான் கேட்கவே இல்லை என்பது இன்று அவளுக்குச் சடை பின்னும்போதுதான் தோன்றியது.

"சஞ்சய ஏம்ட்டி ஒதச்ச?"

"செந்நாரைக்குப் பறக்கத் தெரியாதுன்னான்."

"அதுக்கு ஒதைக்கலாமா?"

"மூணு தடவ கும்புட்டேம்லா. அவன் நிறுத்தல."

"செந்நாரையச் சொன்னா ஒதைக்கணும்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான். ஃபோன்ல சொன்னேல்லா? 'செந்நாரைய ஒத்த வார்த்தை சொல்லிப் பாரு, மூஞ்சியிலயே ஒதைக்கேன்'னு. அப்பொறம் சிரிச்ச."

அது ஒரு வாட்ஸாப் குழுவில் விளையாட்டாக அனுப்பிய குரல்பதிவு மிஸ். தென்மாவட்ட ரசிகர்கள் குழு. முந்நூறு பேர் இருக்கிறார்கள். நான் அதில் நிர்வாகி மட்டும்தான்.

இதில் எனக்குப் பெரிய வருத்தம், பிள்ளை கதையின் மையத்தையே விட்டுவிட்டாள் என்பது. செந்நாரை தன்னைத் திட்டியதற்காக யாரையும் உதைத்ததே கிடையாது. நூற்றுப் பன்னிரண்டு இதழிலும் ஓரிடத்தில்கூட இல்லை. வேறு யாருக்காவது தீங்கு நடந்தால்தான் கால் எழும்பும். இதை அவளுக்கு நாங்கள் சொல்லித்தரவில்லை. 'நாங்கள்' என்று எழுதும்போது கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பி.கு.: நாளை வெள்ளிக்கிழமை வதனிக்கு வயிறு சரியில்லாமல் போகும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

வயிறு சரியில்லை. விடுப்பு. ஓய்வு எடுத்தாள்.

பிப்ரவரி 14, சனி

நேற்று சாயங்காலம் நீங்கள் ஃபோன் செய்து, வேறு எதுவும் கேட்காமல், "வதனிக்கு வயிறு எப்படிம்மா இருக்கு?" என்றீர்கள். "தேவலாம் மிஸ்" என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டீர்கள். நீங்கள் பேருந்து நிலையத்தில் இறங்கி, தியேட்டர் வழியாக நடந்துதான் பள்ளிக்குப் போவீர்கள் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே நீங்கள் அந்தப் பேனரைப் பார்த்திருக்கிறீர்கள்.

இருபதடி பேனர் மிஸ். நடுவில் செந்நாரை ஒற்றைக் காலில் நிற்கிறான். அவன் தலைக்குப் பின்னால் முருகனுக்குப் போடுகிற மாதிரி ஒளிவட்டம், மயில் தோகை. 'சீனத்தின் சிங்கமே, சிறகு முளைத்த தங்கமே, கோவில்பட்டிக்கு வருக வருக' என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாக நிர்வாகிகள், எல்லோரும் காதில் ஃபோன் வைத்தபடி. இடது ஓரத்தில் நான். என் சித்தி மகள் கல்யாணத்தில் சாம்பாருக்கு ஆள் சொல்ல ஃபோன் பேசியபோது எடுத்த படம். 'மகளிரணித் தலைவி, அண்ணி முத்துச்செல்வி, பி.எஸ்ஸி.' என்று போட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் தலைப்பட்டை கட்டிய வதனி, 'வருங்கால நாரை' என்று. பள்ளிச் சீருடையில். அடையாள அட்டையோடு.

நான் கேட்டுப் போட்டதில்லை மிஸ், இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். குழுப் பையன்கள் பேனருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள், இவர் நிர்வாகிகள் பட்டியலில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். வதனி பிறந்தநாளுக்கு அடித்த பேனரின் படம் கம்ப்யூட்டரிலேயே இருந்திருக்கிறது. "பத்து நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரிஞ்சியே, பாத்தா சந்தோசப்படுவன்னு நெனச்சேன்" என்றார். ஆறு வருடத்தில் அவர் எனக்காக யோசித்துச் செய்த முதல் காரியம். அது இருபதடிக்கு இருந்தது.

நேற்று படம் வெளியான நாள், காலை ஒன்பது மணிக் காட்சி. வதனியைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாதே என்றுதான் கூட்டிக்கொண்டு போனேன். (இல்லை. இரண்டு டிக்கெட் போன மாதமே எடுத்துவிட்டேன்.) பையன்கள் ஏணி போட்டுப் பேனருக்குப் பாலாபிஷேகம் செய்தார்கள். பால் செந்நாரை முகத்திலிருந்து வழிந்து என் முகத்துக்கு வந்தது. வதனி, "அம்மா, நீ நனையுற" என்றாள். கூட்டம், மேளம், வெயில். உள்ளே விட நேரமாகிக்கொண்டே இருந்தது.

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "என்னவே ஹீரோ இவன்? எவனப் பாத்தாலும் கும்புட்டுக்கிட்டு நிக்கான். கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்க நிப்பாட்டலாம்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று எழுத மூன்று முறை முயன்றேன். முதலில், 'என் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் அவர் மேல் பட்டுவிட்டது' என்று எழுதினேன். பிறகு, 'கூட்ட நெரிசலில்' என்று சேர்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். வதனியின் ஸ்டீல் பாட்டிலால் அவரை அடித்தேன் மிஸ். காதுக்கு மேலே. கண்ணாடி கீழே விழுந்தது. நான் ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை.

மேளம் நின்றுவிட்டது. அவருக்கு என் அப்பா வயதிருக்கும். காதைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா... படிச்ச பிள்ளை மாதிரி இருக்க..." என்றார். நான் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

வதனிதான் குனிந்து கண்ணாடியை எடுத்தாள். பாவாடையில் துடைத்து அவரிடம் நீட்டினாள்.

"ஸாரி அங்கிள். இனிமே இப்படிச் செய்ய மாட்டாங்க. நான் வீட்ல பாத்துக்கிடுதேன்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி தாயி. நல்லாப் பாத்துக்கோ" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். பேனரில் இருந்த நானும் பால் வடிய ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆட்டோவில் அவள் என் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். அடித்த கையை.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் கணவர் ஏணி போட்டு ஏறி, பேனரில் வதனி இருந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து வந்தார். மகளிரணித் தலைவி அங்கேயே இருக்கிறாள். இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். செய்தது நான், நின்றால் என்ன?

பாலமுருகேசன் சாருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டார். பிறகு, "பறக்கத் தெரியாதுன்னு இவனுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தாம்மா. வெறும் வம்புக்குத்தான்" என்றார். இதை நான் புகாராக எழுதவில்லை. அவரே நாளை உங்களைப் பார்த்துச் சொல்வதாக இருக்கிறார்.

உதையைக் கற்றுக்கொடுத்தது யார் என்று நேரடியாகக் கேட்டிருந்தீர்கள். நான்தான். மொட்டைமாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில், துணி காயப்போட்ட பிறகு. அவளுக்கு மூன்று வயதிலிருந்து. அவள் கீழே விழுந்தால் இருவரும் சிரிப்போம். அந்த நேரத்தில் மட்டும் அவளுக்கு என்ன ஆகிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்காது. புத்தகங்கள் நூற்றுப் பன்னிரண்டும் என்னுடையவை. கல்லூரி முதல் வருடத்திலிருந்து வாங்கியவை. குழுவின் நிர்வாகிப் பொறுப்பை இன்று விட்டுவிட்டேன். ரசிகையாக இருப்பதையும் விட்டுவிட்டேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இந்த நோட்டில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

முதல்வர் கூப்பிட்டால் வருகிறேன். கண்டிப்பதை என்னைக் கண்டிக்கச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்தில் நிறுத்திக் கேட்டாலும் சரி. இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு யாரைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் அவள் மேல் பெயர் ஒட்டிவிட வேண்டாம் மிஸ். முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம், நடுத்தெருவில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தன் அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்கத் தெரிந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் தகுதி இல்லை என்றால் வேறு எந்தப் பிள்ளைக்குத் தகுதி என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று மதியம் சாப்பிடும்போது, "ஒண்ணாப்புல சஞ்சயும் நானும் ஒரே பெஞ்சா?" என்று கேட்டாள். மிஸ்ஸைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

நோட்டை நாளைக் காலையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

முத்துச்செல்வி